தெல்மா சக்டனின் கலங்கல் பீர்

ஆர்னல்ட் சக்டன் கம்பள ஆலையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருடம்தான் அவன் மனைவி தெல்மா பீர் காய்ச்சத் தொடங்கினாள். எழுபத்தெட்டாம் வருடம். தெல்மாவும் நானும் இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரே பள்ளியின் சமையற்கட்டில் வேலை பார்த்தோம். அவளுக்குப் பெரிய அடுப்பு, எனக்கு மாவு மேசை. அந்த பீரால் அவள் பட்ட பாட்டையெல்லாம் கிட்ட இருந்து பார்த்தவள் நான். சில சமயம் அதில் நனைந்தும் இருக்கிறேன்.

சக்டன் வீடு மலைச்சரிவின் மேல்முனையில் இருந்தது. ஆர்னல்ட் உறுப்பினராக இருந்த தொழிலாளர் கிளப் அடிவாரத்தில். நடுவில் கல் பாவிய செங்குத்துத் தெரு. காலில் குறை இல்லாதவர்களே மழைநாளில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு ஆர்னல்ட் எங்கே இறங்குவது? இத்தனை வருடம் ஆலை விட்டதும் நேரே கிளப்புக்குப் போய் இரண்டு பைண்ட் பீர் குடித்துவிட்டு வீடு திரும்பியவன், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். கடையில் விற்கும் புட்டி பீர் அவனுக்கு ஆகாது. பித்தளைக் குழாயைக் கழுவி ஊற்றினது மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்துவிடுவான்.

"அந்த மனுஷன் வாய அடைக்க ஏதாவது பண்ணணும் ஐவி," என்றாள் தெல்மா ஒரு நாள், கஸ்டர்டைக் கிண்டிக்கொண்டே. "நானே பீர் காய்ச்சப் போறேன். என்ன பெரிய கஷ்டம்? பள்ளிக்கூடம் பூரா இருக்கற பிள்ளைங்களுக்குக் கட்டி தட்டாம கஸ்டர்ட் காய்ச்சறவ நான்."

அப்போதெல்லாம் மருந்துக்கடையிலேயே அதற்கான சாமான்கள் கிடைக்கும். முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் பாகு ஒரு டின், கசப்புக்கு ஒரு பொட்டலம் ஹாப்ஸ் பூ, புளிக்கவைக்க ஈஸ்ட், மூடி போட்ட பெரிய வாளி. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாங்கள் இருவரும் மேடேறினோம். பாகைக் கரைத்து, பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்டைத் தூவி, வாளியைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. தெல்மாவின் முகத்தில் பெற்ற தாயின் பெருமை.

நுரை அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள். உள்ளே இன்னும் புளித்துக்கொண்டிருந்ததைப் புட்டிகளில் அடைத்து, மூடியை இறுக்கி, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியில் அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வறுத்த மாட்டிறைச்சியைத் தின்றுகொண்டிருந்தபோது, முதல் புட்டி வெடித்தது. பிறகு அதன் பக்கத்துப் புட்டி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. தெல்மா சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட் அந்த அலமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்னல்ட் கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சண்டை முடிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு ஜெர்மன்காரனுக்கு யாரும் சொல்லலயா?" என்றான்.

இரண்டாவது வாளியில் அவள் அளவுக்கு மேல் ஜாக்கிரதையாக இருந்தாள். புளித்து முடிந்ததா என்று பார்ப்பதற்காகக் காலையிலும் மாலையிலும் மூடியைத் திறந்து முகர்ந்தாள், கரண்டி விட்டுக் கலக்கினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். திறந்து திறந்து பார்த்ததில் வாளி முழுவதும், நாங்கள் சிப்ஸ்மேல் ஊற்றித் தின்கிற வினிகராகிவிட்டது. ஒரு வாய் குடித்த ஆர்னல்ட் கண்ணை இடுக்கிக்கொண்டு, "இதுக்கு சிப்ஸ் எங்க கண்ணு?" என்று கேட்டான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். மறுநாள் பள்ளியில் அவள் உருளைக்கிழங்கு மசித்த வேகத்தில் அந்தக் கிழங்குகளை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் லெஸ்லி வந்து சேர்ந்தான். லெஸ்லி ஆர்னல்டின் தம்பி. தபால் வண்டி ஓட்டுகிறவன். கிளப்பில் ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டு பீர் போட்டி நடக்கும். அதில் வருடம் தவறாமல் முதல் பரிசு அவனுக்குத்தான். மூடியைத் திறக்காமல் இரு, முழுசாக அடங்கும் வரை காத்திரு என்று அவன் சொன்னது நியாயமான பேச்சு. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"ஹாப்ஸ் கொதிக்கறப்ப ரெண்டு கை பார்லி அவலையும் அள்ளிப் போடு தெல்மா. பீருக்கு ஒரு கனம் வரும். நுரையும் நிக்கும்."

அவல் போட்ட மூன்றாவது வாளி வெடிக்கவில்லை, வினிகராகவும் ஆகவில்லை. பீர் என்று சொல்லிக் குடிக்கும்படி இருந்தது. ஆர்னல்ட் ஒரு கோப்பையைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டான். ஆனால் அது கலங்கியிருந்தது. சட்டி கழுவிய தண்ணீரின் கலங்கல். புட்டியை எத்தனை நாள் அசைக்காமல் வைத்தாலும் அடியில் கொஞ்சம் வண்டல் படியுமே தவிர, மேலே தெளியவில்லை.

ஞாயிறன்று வந்த லெஸ்லி கோப்பையைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான்.

"என்ன பாக்கற?" என்றாள் தெல்மா.

"ஜன்னலைத் தேடறேன்."

ஆர்னல்ட் சிரித்தான். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான். "அது சாப்பாடுடா," என்றான். "முள்கரண்டியால எடுத்துச் சாப்பிடணும்."

"போட்டிக்கு இத எடுத்துட்டுப் போனா, நடுவர் பீருன்னு நெனைக்க மாட்டாரு. சூப்பு போட்டி மேல் மாடியிலன்னு அனுப்பி வெச்சிடுவாரு."

அன்றுவரை தெல்மாவுக்குப் போட்டி நினைப்பே கிடையாது. கணவன் வாயை அடைக்கத்தான் ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பீர் தெளிய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

குளிரில் வைத்தால் தெளியும் என்று யாரோ சொல்ல, அதே மாதிரி அவல் போட்டுக் காய்ச்சிய அடுத்த வாளியைக் கொல்லையில் வைத்தாள். அந்த வாரம் பனி கொட்டியது. மேலே ஒரு விரல்கடை பனிக்கட்டி, கீழே அதே கலங்கல். ஜெலட்டின் போட்டால் கசடையெல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும் என்று கேள்விப்பட்டு, பள்ளியில் ஜெல்லிக்குப் போடும் கையளவில் போட்டுவிட்டாள். வாளியின் அடிப்பாகம் அப்படியே உறைந்து குலுங்கியது. பீரைப் புட்டிக்கு இறக்க ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியபோது ஒரு கட்டி ஜெல்லி தொண்டையில் போய் நின்று, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ஜெல்லிக்கு மேலே இருந்த பீர், சொல்லவே வேண்டாம், கலங்கல்.

அடுத்து மீன் பசை. மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பையைக் காயவைத்துச் செய்வது. மதுக்கடைக்காரர்கள் பீப்பாயில் ஊற்றுவார்கள். கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு குப்பி வாங்கி வந்தாள்.

"மீனா?" என்றான் ஆர்னல்ட். "அப்ப மீன் திங்கற வெள்ளிக்கிழமைதான் குடிக்கணும்."

"நீ வாய மூடிட்டு இரு."

மீன் பசையும் தோற்றது. கடைசியாகத் தன்னுடைய புது நைலான் காலுறையில் ஊற்றி வடிகட்டினாள். அதில் கலங்கல் போகவில்லை. காற்றுப் பட்டு, இருந்த ருசியும் போய், நனைந்த அட்டைப்பெட்டியைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆர்னல்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, "இடது காலா, வலது காலா?" என்று கேட்டான். அவள் கையில் இருந்த துணியை அவன்மேல் வீசிவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. மேசையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு ஐவி. நான் பண்ணுனதுல எது தப்பு? கழுவாத புட்டி ஒண்ணு இல்ல. கைய எத்தன தடவ தேய்ச்சுக் கழுவறேன். அந்த லெஸ்லி மூக்கத் தொடச்ச கையாலயே எல்லாத்தையும் தொடறான். அவனுக்கு மட்டும் பளபளன்னு வருது."

எனக்கு என்ன தெரியும்? டீ போட்டுக் கொடுத்தேன்.

விடை எங்கள் சமையற்கட்டிலேயே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியில் ஆட்டிறைச்சியும் பார்லியும் போட்டு சூப் வைத்தோம். பார்லி வேகவைத்த தண்ணீர் ஒரு சட்டியில் மிஞ்சியது. அதைக் கொட்ட மறந்து குளிர்ந்த உக்கிராண அறையிலேயே விட்டுவிட்டோம். திங்கட்கிழமை காலை தெல்மா அந்தச் சட்டியின் மூடியைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிட்டாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஐவி, இங்க வா."

போனேன். பார்லித் தண்ணீர். இரண்டு நாள் அசையாமல் இருந்தும் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கலங்கல்.

"இது என் பீரு," என்றாள்.

அவளே பேசிக்கொண்டு போனாள். பார்லியைக் கொதிக்கவைத்தால் மாவு தண்ணீரில் இறங்கும். அந்த மாவு அடியில் படியாது. ஜெலட்டின் ஈஸ்டைத்தான் பிடித்து இழுக்கும். மாவை என்ன செய்யும்? முதல் வாளியிலும் இரண்டாவதிலும் அவல் போடவில்லை. வெடித்ததும் புளித்ததுமான அவசரத்தில் அவை தெளிவாக இருந்தனவா என்று யார் பார்த்தது? மறுநாள் ஒரு புட்டி பீரைப் பள்ளிக்கே கொண்டுவந்தாள். மாவுள்ள உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டால் கறுநீலமாகும் என்று நாங்கள் எல்லோரும் சின்ன வகுப்பில் படித்ததுதான். முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினை ஒரு சொட்டு விட்டாள். கோப்பையில் மை கொட்டினாற்போல நீலம் பரவியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக லெஸ்லி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அவள் எதையாவது எடுத்து அடித்துவிடுவாளோ என்கிற பயத்தில். லெஸ்லி வாசலில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ அவலக் கொதிக்க வெப்பியாடா?"

"கொதிக்க வெக்கறதா? யாராவது கொதிக்க வெப்பாங்களா?" என்றான் அவன். "முளைகட்டிக் காயவெச்ச பார்லிய ஒடச்சு, அதோட அவலையும் சேத்து, கை பொறுக்காத சூட்டுத் தண்ணில ஒரு மணி நேரம் ஊறப் போடணும். கொதிக்கவே விடக் கூடாது. முளைகட்டுனதுல இருக்கற சத்து, அந்த மாவையெல்லாம் சக்கரையாக்கிடும். அப்பறம் வடிச்ச தண்ணியத்தான் கொதிக்க வெப்போம்."

"எங்கிட்ட கொதிக்கறப்பப் போடுன்னு சொன்னே."

"சொன்னேனா?"

"சொன்னே."

லெஸ்லி பூட்ஸின் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். "நீ டின் பாகுல செய்யறவ. அவ்வளவு நுணுக்கம் எல்லாம் ஒனக்கு எதுக்குன்னு நெனச்சேன். நீயும் கேக்கலியே."

"ஒரு குளிர்காலம் பூரா என் வீட்டு ஜன்னலோரம் நின்னு சிரிச்சியே, அப்பவும் ஒனக்குத் தெரியுமில்ல?"

அவன் அடுத்த பூட்ஸைக் கையில் எடுத்தான். வேண்டுமென்றே செய்தானா, அசட்டையாகச் சொன்னானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெல்மா எதையும் எடுத்து அடிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைக்கூடத் தொடாமல் விறுவிறுவென்று மேடேறினாள், அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்த வாளியில் அவலே போடவில்லை. பீர் தெளிந்தது. உண்மையாகவே தெளிந்தது, கோப்பைக்குப் பின்னால் வைத்த என் விரல் நகம்கூடத் தெரிந்தது. தெல்மா அதை ஆர்னல்டிடம் நீட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் பார்த்தான். குடித்தான். சப்புக்கொட்டினான்.

"தெளிவாத்தான் இருக்கு."

"அப்பறம்?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா முந்தினதுல ஒரு கனம் இருந்துச்சு பாரு. வாயில நின்னுச்சு. இது என்னமோ தண்ணி மாதிரி..."

தெல்மா அவன் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு மழையில் போய் நின்றாள். ஜன்னல் வழியே பார்த்த ஆர்னல்ட் என்னிடம், "நான் பொய் சொல்லியிருக்கணுமோ?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆனாலும் விடவில்லை அவள். லெஸ்லி சொன்ன முறையையே எடுத்துக்கொண்டாள். முளைகட்டிய பார்லியை மாவுக் கட்டையால் உருட்டி உடைத்து, அவலோடு சேர்த்துப் பெரிய சட்டியில் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, சூடு இறங்காமல் இருக்கச் சட்டியைக் கம்பளியால் சுற்றி ஆர்னல்டின் மடியோரம் வைத்தாள். அவன் ஒரு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தடவை பீர் கனமாகவும் வந்தது, தெளிவாகவும் வந்தது. ஆர்னல்ட் மூன்று கோப்பை குடித்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. அவனிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனோம். கிளப் செயலாளர் பெர்சி மேசைக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தான்.

"உறுப்பினருக்கு மட்டுந்தான் தெல்மா. பொம்பளைங்க உறுப்பினர் கெடையாது. ஒனக்குத் தெரியாததா? ஆர்னல்ட் பேர்ல போடறேன்."

"செஞ்சது நான்."

"நான் இல்லன்னு சொல்லலியே. விதி அப்படி."

ஆர்னல்ட் பெயரில்தான் போயிற்று. போட்டி நாளன்று பக்கத்து வீட்டுக்காரர் வேனில் ஆர்னல்டை ஏற்றிக் கீழே இறக்கினோம். விழுந்ததற்குப் பிறகு அவன் கிளப்பில் கால் வைத்தது அன்றுதான். ஆட்கள் எழுந்து வந்து கைகொடுத்தார்கள். நடுவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். பீர் வரிசையை வைத்திருந்தது, மேசைமேல் கோலால் பந்தடித்து ஆடும் ஸ்னூக்கர் அறையில். அந்த அறைக்குள் பெண்கள் போகக் கூடாது.

தெல்மாவும் நானும் தாழ்வாரத்தில் நின்றோம். கதவின் கண்ணாடி வழியாக ஆண்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நடுவர் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்குவது தெரிந்தது. யாருடைய கோப்பை என்று தெரியவில்லை. தெல்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். "அந்தத் தடியன் கொஞ்சம் நகந்தா என்னவாம்?" என்று பல்லைக் கடித்தாள். ஒருவழியாக பெர்சியின் குரல் கேட்டது. முதல் பரிசு லெஸ்லி சக்டன். இரண்டாவது ஆர்னல்ட் சக்டன்.

பிறகு ஆர்னல்டின் குரலும் கேட்டது. "நான் ஒரு வேலையும் பாக்கல. சட்டியக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். செஞ்சவ வெளிய நிக்கறா."

உள்ளே சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தடிகளை ஊன்றியபடி அவன் வெளியே வந்தான். பரிசாகக் கொடுத்த பிஸ்கட் டின்னை அக்குளில் இடுக்கியிருந்தான். "இந்தா கண்ணு," என்று நீட்டினான்.

தெல்மா டின்னைப் பார்க்கவே இல்லை. "தெளிவப் பத்தி என்ன சொன்னாரு?"

"யாரு?"

"நடுவர்! வெளக்குல வெச்சுப் பாத்தாரே, என்ன சொன்னாரு?"

ஆர்னல்ட் யோசித்தான். "என்னமோ சொன்னாரு. நான் அப்ப நம்ம பழைய ஃபோர்மேனோட பேசிட்டிருந்தேன். கவனிக்கல."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதவை அகலத் தள்ளித் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.  பந்தை அடிக்கக் குனிந்த ஒருவர் குனிந்தபடியே இருந்தார். தெல்மா மேசைகளுக்கு நடுவே நடந்து நடுவரிடம் போனாள்.

"அந்த ரெண்டாவது பீரு. கலங்கல் இருந்துச்சா?"

நடுவர் பாவம், அந்த கிளப்பின் விதி தெரியாதவர். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கலங்கலா? இல்லம்மா. இன்னிக்கு வந்ததுலயே அதுதான் நல்லாத் தெளிஞ்சது. முதல் பரிசு பீர விடவும். கசப்புதான் ஒரு மாத்து கூடிப்போச்சு."

"சரி," என்றாள் தெல்மா. "ரொம்ப நன்றி." லெஸ்லி சுவரோரம் நின்றிருந்தான். அவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெர்சி, "தெல்மா, இது ஆம்பளைங்க..." என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த வாரம் பெர்சி மேடேறி அவர்கள் வீட்டுக்கு வந்தான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. உறுப்பினரின் மனைவி விதியை மீறியதால் உறுப்பினருக்கு ஒரு மாதம் கிளப்பில் அனுமதி இல்லை என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். அப்போதுதான் கூட்டாளிகளோடு மறுபடி உட்கார ஆரம்பித்திருந்தான் ஆர்னல்ட்; சனிக்கிழமை தோறும் இறக்கிவிடுவதாகப் பக்கத்து வீட்டு வேன்காரரும் ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாம் போயிற்று. அவன் மறுபடி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை தெருவை விட்டுவிட்டு கமிட்டியைத் திட்டினான். தெல்மாவை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை, இந்தச் சும்மா இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று அவள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்த மாதத்துக்கென்று கசப்பைக் குறைத்து இன்னொரு வாளி போட்டாள். எல்லாம் அதே முறை, அதே சூடு, அதே கம்பளி. ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவள் ஏப்ரனைக் கட்டும்போதே நாடாவை அறுத்துவிட்டாள்.

"கலங்கிடுச்சு," என்றாள்.

"மறுபடியுமா? மாவா?"

"அயோடின் விட்டுப் பாத்தேன். நீலமாகல. வெதுவெதுன்னு இருந்தா தெளியுது, குளுந்தா கலங்குது. எழவு, இது வேற ஏதோ கலங்கல்."

"ஆர்னல்ட் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான்? குடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டான்." கஸ்டர்ட் சட்டியைப் படீரென்று அடுப்பில் வைத்தாள். "யாரு குடிக்கறதப் பத்திக் கேட்டா இப்ப?"